முக்கோண வீட்டுக்கு ஒரு சாய்ப்பு

என் அக்கா வீட்டில் நிமிர்ந்து நிற்க ஒரே ஒரு இடம்தான் உண்டு. அது நடு வீடு. ஆங்கில எழுத்து 'ஏ' மாதிரி கட்டிய வீடு அது. உச்சியில் ஒன்றாகச் சேரும் இரண்டு கூரைகளும் அப்படியே சரிந்து தரைவரைக்கும் வந்துவிடும். சுவர் என்று தனியாக எதுவும் கிடையாது, கூரையேதான் சுவர். பீரோவை ஓரமாக ஒதுக்க முடியாது. ஓரத்துச் சோபாவிலிருந்து நினைவில்லாமல் எழுந்தால் தலையில் இடிக்கும். மாமாவுக்கு அந்த வீட்டின் மேல் அப்படி ஒரு பெருமை. தன் கையாலேயே கட்டியது என்று வருகிறவர்களிடம் சொல்வார். நான் தச்சன். கூரையைத் தாங்கும் கைமரங்களைத் தூக்கி நிறுத்தியது நானும் என் ஆட்களும். அதை நான் ஞாபகப்படுத்துவதில்லை, அக்கா புருஷன் ஆயிற்றே.

மாமாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். தங்கமான மனுஷன், குடி கிடையாது, கை நீட்ட மாட்டார், பக்கத்து வீட்டில் குழாய் உடைந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். என் வீட்டுக்காரி என்னைத் திட்டும்போது உதாரணம் காட்டுவது அவரைத்தான். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குள் பாதி நீளத்துக்கு ஒரு மேல்தளம் உண்டு. அவர் அதை மாடி என்பார். நான் பரண் என்பேன். ஏணி வைத்து ஏறுவதெல்லாம் எனக்குப் பரண்தான். அங்கே கைப்பிடிக் கம்பியை ஒட்டி மேஜை போட்டு, கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். அங்கே உட்கார்ந்தால் கீழே அடுப்படி, சோபா, வாசல் எல்லாம் தெரியும். வீட்டுக்குள் கதவு என்பதே இல்லை. குளியலறைக்கு மட்டும் ஒரு மடக்குக் கதவு, அதற்கும் தாழ்ப்பாள் கிடையாது. "புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல கதவு எதுக்கு மச்சான்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். கேட்கிறவர்களுக்கு அது அழகாகத்தான் இருக்கும்.

இந்த மாதிரி வீட்டில் சத்தம் ஒரு தனிக் கதை. கீழே கிசுகிசுத்ததைக்கூட இரண்டு பக்கத்துப் பலகைகளும் பத்திரமாக மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அக்கா அடுப்படியில் பெருமூச்சு விட்டால் பரணிலிருந்து குரல் வரும். "என்னம்மா, என்ன நினைச்ச?" ஒன்றுமில்லை என்றால் விடமாட்டார். கோபப்படவும் மாட்டார். எதையாவது நினைத்ததாக அவள் ஒத்துக்கொள்ளும்வரை அன்பாகக் கேட்டுக்கொண்டே இருப்பார். போன் வந்தால் ஸ்பீக்கரில் போடச் சொல்வார். கடைக்குப் போனால் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வருவார்.

இதெல்லாம் அக்கா எனக்கு எப்படிச் சொன்னாள் என்றால், மில் பேச்சில் சொன்னாள். நாங்கள் மரம் அறுக்கும் மில்லில் வளர்ந்தவர்கள். அப்பா ரம்பத்தில், அம்மா பலகை அடுக்குவதில். ரம்பம் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் மில்லில் எல்லோரும் குரலை விட்டுவிட்டு உதட்டால் பேசுவார்கள், வாயை நன்றாகத் திறந்து, ஒரு சொட்டுச் சத்தம் இல்லாமல். எங்களுக்கும் பேச்சு வரும்போதே அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. ஒரு தடவை சாப்பிட உட்கார்ந்தபோது அப்பாவை அதிலேயே கிண்டல் பண்ணி இரண்டு பேரும் உதை வாங்கினோம். அவருக்கும் அது தெரியும் என்பதை மறந்துவிட்டோம்.

ஒரு நாள் அடுப்படி அலமாரிக்குக் கீல் மாற்றப் போயிருந்தேன். மாமா பரணில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அக்கா டீயை நீட்டியபடி, அவருக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு, உதட்டை மட்டும் அசைத்தாள்.

"எனக்கு ஒரு கதவு வேணும்."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "எந்தக் கதவு?" என்று நானும் உதட்டாலேயே கேட்டேன்.

"எந்தக் கதவா இருந்தா என்ன. உள்ள இருந்து நான் சாத்திக்கிற மாதிரி ஒண்ணு."

அப்புறம் மேலே போன் பேச்சு முடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். பாதியிலேயே எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. ஏணியில் ஏறிப் போய் இரண்டில் ஒன்று கேட்டுவிடுகிறேன் என்றேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டா உன்னை வர விடமாட்டார். அப்புறம் நான் யார்கிட்ட பேசறது?"

கதவை மட்டும் தனியாகப் போட முடியாது. கதவு நிற்கச் சுவர் வேண்டும், சுவர் நிற்க அறை வேண்டும். இந்த வீட்டுக்குள் அறைக்கு இடமே இல்லை, வெளியே இழுத்தால்தான் உண்டு. அதை மாமாவின் யோசனையாக மாற்றுவது என் பொறுப்பு.

வீட்டைப் புகழ்ந்துவிட்டால் மாமா ஐஸ் மாதிரி கரைந்துவிடுவார். "இவ்வளவு அருமையான வீடு, இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணலாமே மாமா" என்றேன். அவ்வளவுதான். அடுத்த தடவை நான் போகும்போது கம்ப்யூட்டரில் படம் படமாகச் சேர்த்து வைத்திருந்தார். கூரையைக் குடைந்து பரணுக்கு ஒரு ஜன்னல் எடுக்கலாமாம். முன்பக்கம் மரத்தளம் போட்டு நாற்காலி போடலாமாம். குறுக்கே இன்னொரு ஏ கட்டி இரண்டையும் சேர்க்கலாமாம். பின்னால் முழுக்க முழுக்கக் கண்ணாடியில் ஒரு அறை வைக்கலாமாம். கண்ணாடி அறையைச் சொல்லும்போது அவர் கண் பளபளத்தது.

"கண்ணாடியா? வெயில்ல உள்ள இருக்கறவங்க வெந்து போயிருவாங்க மாமா" என்றேன். ஜன்னலுக்கு மேலே கைமரத்தை வெட்ட வேண்டிவரும், முகடே இளைத்துவிடும் என்றேன். இன்னொரு ஏ கட்டினால் இரண்டும் சேரும் பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கும் என்றேன். பாதி நிஜம், பாதி புளுகு. கடைசியில் என் சரக்கை எடுத்துவிட்டேன். பக்கவாட்டில் ஒரு சாய்ப்பு. கீழே இரண்டு கைமரத்தை மட்டும் வெட்டி, மேலே குறுக்கு விட்டம் கொடுத்துத் தாங்கி, கூரையை அப்படியே வெளியே நீட்டி மூன்று பக்கமும் நேர்ச் சுவர் வைப்பது.

"அங்க என்ன வைக்கறது?" என்றார்.

"அக்காவோட தையல் மிஷினைத் தள்ளி, ஒரு கதவு போட்டுச் சாத்திருங்க. நீங்க மீட்டிங்ல இருக்கும்போது அந்த கடகட சத்தம் இடைஞ்சல்தானே."

அது வேலை செய்தது. அவருக்கு அந்த மிஷின் சத்தம் ஆகாது. கீழே வேறு என்ன நடக்கிறது என்பது அதில் கேட்காமல் போய்விடும் என்பதால் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஜன்னல் திறக்கக் கூடாது, ஒரே கண்ணாடியாகப் பதித்துவிட வேண்டும், திறந்தால் தூசி வரும். கதவுக்கு அவர் ஒத்துக்கொண்டதே பெரிது என்று நானும் தலையாட்டினேன்.

வேலை நடந்த நாட்களில் மாமா மாதிரி ஒரு ஆளைப் பார்க்க முடியாது. ஏணியைப் பிடித்துக்கொள்வார், ஆணியை எடுத்துக் கொடுப்பார், வேளாவேளைக்கு டீ வந்துவிடும். பழைய கூரையும் சாய்ப்புக் கூரையும் சேரும் இடம்தான் இந்த வேலையில் கழுத்தறுப்பு. எவ்வளவு பெரிய கொம்பன் போட்டாலும் முதல் மழைக்கு அங்கேதான் ஒழுகும். நான் தகரப் பட்டையை மடித்துச் சொருகி, அடியில் சிலிக்கான் பசையைத் தாராளமாக அப்பிக்கொண்டிருந்தேன்.

"ஒழுகினா உன்னைத்தான் கூப்பிடுவேன் மச்சான்" என்றார் மாமா.

"என் வேலை ஒழுகாது. ஒழுகினா மீசையை எடுத்துக்கறேன்" என்றேன். அக்கா கீழே மரத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அந்தத் தகரப் பட்டையைப் பார்த்தாள்.

காரியம் பாழாய்ப் போனது அதற்கு அடுத்த நாள். மாமா பரணிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அவர் ஏணியில் இறங்குவது ஒரு தனி வித்தை, பின்பக்கத்தை முதலில் அனுப்பிவிட்டு, அது ஏதாவது சேதி சொல்கிறதா என்று காத்திருந்து, அப்புறம்தான் காலை எடுப்பார். அதையே நான் அக்காவிடம் மில் பேச்சில் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்துவிட்டது. உதட்டைக் கடித்தும் நிற்கவில்லை. வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பேச்சை ஒளிக்கத் தெரிந்த எங்களுக்குச் சிரிப்பை ஒளிக்கத் தெரியவில்லை.

ஏணியில் மாமா அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லைங்க" என்றாள் அக்கா.

"யாரும் ஒண்ணும் பேசலையே" என்றார். என் வாயைப் பார்த்தார், அப்புறம் அவள் வாயைப் பார்த்தார். "இவ்வளவு நாளா ரெண்டு பேரும் வாயைத் திறந்து திறந்து மூடறீங்களேன்னு பாத்தேன். பல்லுல ஏதோ சிக்கிருச்சுன்னு நினைச்சேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். கீழே இறங்கி எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். வழக்கம்போல் சர்க்கரை சரியாக இருந்தது.

கதவு மாட்டிய அன்று பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்றை உள்பக்கம் பொருத்தினேன். அக்கா உள்ளே போனாள், கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. நானும் மாமாவும் இந்தப் பக்கம் நின்றோம். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. மாமா முதலில் சிரித்துக்கொண்டுதான் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என்ன பண்றா உள்ள?" என்றார். "சும்மா இருக்கா போல மாமா" என்றேன். அவளாகவே திறந்துகொண்டு வந்தாள். அழுது முடித்த முகம், ஆனால் தெளிவாக இருந்தது. எனக்கு மனசு நிறைந்து போயிற்று.

அதற்கப்புறம் அவளிடம் பேசவே முடியவில்லை. போன் பண்ணினால் மாமா எடுப்பார். "தூங்கறா மச்சான்." "தையல்ல உக்காந்திருக்கா, கூப்பிட்டா கேக்காது." ஒரு தடவை நேரிலேயே போனேன். வாசலிலேயே நிற்க வைத்து, என் பிள்ளைகளின் படிப்பு, என் முதுகு வலி எல்லாவற்றையும் அக்கறையாக விசாரித்து, உள்ளே விடாமலே அனுப்பி வைத்தார். நான் தெருவுக்கு வந்த பிறகுதான் அதையே உணர்ந்தேன். வீட்டில் சொன்னால் என் வீட்டுக்காரி எரிந்து விழுந்தாள். "அவங்க ரெண்டு பேரும் நிம்மதியா இருக்கறது உங்களுக்குப் பொறுக்கலையா? நீங்கதான் ரூம் கட்டிக் குடுத்தீங்க. அவ அதுல இருக்கா. அப்புறம் என்ன?"

நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். கதவு கேட்டாள், கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்கிறது. மழைக்காலம் தொடங்கியது. ஒவ்வொரு மழைக்கும் என் தகரப் பட்டையை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன், புகார் வரவில்லையே என்று.

அப்புறம் ஒரு நாள் காலையில் மாமாவே கூப்பிட்டார். "மச்சான், உன் மீசை போச்சு. ஒழுகுது. கைமரமெல்லாம் ஊறுது, உடனே வா."

தூறலில் வேனை ஓட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை உள்ளே விட்டார். சாய்ப்புக் கதவு மூடியிருந்தது. நான் உள்பக்கம் பொருத்திய பித்தளைத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. சின்னப் பூட்டு ஒன்று தொங்கியது. என் ஸ்க்ரூக்களையே வைத்து மாற்றியிருந்தார், ஒன்றைக்கூட நேராகப் போடவில்லை.

"இது என்ன மாமா?"

"காத்துல அடிச்சுக்குது, அதான்" என்றார். "அவ உள்ளதான் இருக்கா. ரூம் வேணும்னா, ரூம்ல இருக்கா. சாப்பாட்டுக்கு, குளிக்க எல்லாத்துக்கும் நானேதான் கூட்டிட்டு வரேன். பேச்சுதான் கொறஞ்சு போச்சு."

என் கை பூட்டின் மேல் போயிருந்தது. "திறங்க" என்றேன்.

"கத்தாத மச்சான். நீ கத்திட்டுப் போயிருவ. அப்புறம் அவதான் என்கூட இருக்கணும்." குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. "முதல்ல கூரையைப் பாரு."

அந்த இடத்திலேயே அவர் கழுத்தைப் பிடித்திருப்பேன். ஆனால் அவர் சொன்னது கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்கும் கேட்கும், நான் பிடித்தாலும் அவளுக்குக் கேட்கும், நான் விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பது அவளுக்குத்தான் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து ஏணியைச் சாத்தினேன். அவர் வந்து அடியில் பிடித்துக்கொண்டார்.

மேலே போய்ப் பார்த்தால் தகரப் பட்டை வைத்தது வைத்தபடி இருந்தது. ஸ்க்ரூ ஒன்றுகூட இளகவில்லை. ஓரத்தை உளியால் நெம்பித் தூக்கினேன். அடியில் நான் அப்பியிருந்த சிலிக்கானில் ஒரு முழ நீளத்துக்கு எதுவும் இல்லை. வெயிலில் விரிந்ததும் இல்லை, எலி கடித்ததும் இல்லை. உள்ளேயிருந்து யாரோ கூர்மையான எதையோ விட்டுத் துளித்துளியாகச் சுரண்டி எடுத்திருந்தார்கள். விரல் நுழையும் அளவுக்குச் சந்து. அந்தச் சந்துக்குக் கீழே, தையல் மேஜை மேல் ஏறி நின்றுகொண்டு, கையில் கத்தரிக்கோலோடு அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் பாதியாகியிருந்தது.

உதட்டை அசைத்தாள். "கூட்டிட்டுப் போ."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே பார்த்துச் சத்தம் போட்டேன். "மாமா, பலகை உள்பக்கமா தூக்குது. பரண்ல இந்த மூலையில படுத்து, ரெண்டு கையாலயும் பலகையை வெளியே பாத்து அழுத்திப் பிடிங்க. அப்பத்தான் பட்டை உக்காரும்."

"நானா?"

"கைமரம் ஊறுதுன்னீங்களே. விட்டா அழுகிரும்."

ஓடினார். அந்த வீட்டை அவ்வளவு நேசித்தார். பரணில் அந்த மூலை, கூரை பரணின் தளத்தைத் தொடுகிற இடம், குப்புறப் படுத்து நுழைந்தால்தான் உண்டு. அங்கே நுழைந்தவருக்குக் கீழே எதுவும் தெரியாது. சட்டென்று எழுந்திருக்கவும் முடியாது. "பிடிச்சிட்டேன் மச்சான்" என்று பலகைக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது.

நான் இறங்கி டிரில்லை எடுத்துக்கொண்டு சாய்ப்பின் வெளிச்சுவருக்கு வந்தேன். ஜன்னல் கண்ணாடியைப் பிடித்திருந்த சட்டத்துக்கு வெளிப்பக்கம் ஸ்க்ரூ போட்டது நான்தான். டிரில் அலறியது. அந்த இரைச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. சட்டம் கழன்றதும் கண்ணாடியைத் தூக்கி ஈரத் தரையில் சாத்தினேன். அக்கா ஒரு காலை வெளியே போட்டாள். நான் இடுப்பைப் பிடித்து இறக்கினேன். கனமே இல்லை. வெறுங்காலோடு, கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே வேனில் ஏறினாள். வேறு எதையும் எடுத்து வரவில்லை.

டிரில்லை நிறுத்தினேன்.

"மச்சான், இன்னும் பிடிக்கணுமா?" கூரைக்குள்ளிருந்து மூச்சு வாங்கும் குரல்.

"விடாதீங்க மாமா" என்றேன். "நான் சொல்றவரைக்கும் விடாதீங்க."

ஏணியை அங்கேயே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினேன். கொஞ்ச தூரம் போனதும் பக்கத்து இருக்கையில் அக்காவின் உதடு அசைவது ஓரக்கண்ணில் தெரிந்தது. நான் ரோட்டைப் பார்ப்பேனா, அவள் வாயைப் பார்ப்பேனா.

"அக்கா, சத்தமாப் பேசு. இங்க யாரும் இல்ல."

அவள் வாயைத் திறந்தாள். பேசுவதற்கு முன்னால் தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். மேலே வேனின் தகரக் கூரைதான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். என் முகம் கிடைத்ததும் அவள் பேச ஆரம்பித்தாள், உதட்டால் மட்டும்.

"சிலிக்கானைச் சுரண்டிட்டேன்னு கோச்சுக்காதடா. உன் வேலையில ஒரு குறையும் இல்ல. முதல் மழைக்கு ஒழுகும், உன்னைக் கூப்பிடுவார்னு பாத்துட்டே இருந்தேன். ஒழுகல. அடுத்த மழைக்கும் ஒழுகல. நீ ரொம்ப நல்லாப் போட்டிருந்த."